பதினெட்டு நாள் மாத்திரை

என் சீக்குக்குக் காரணம் கேட்டு வந்த எல்லோரையும் நான் ஏமாற்றியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் குடிப்பதில்லை. கடல் எங்கள் வீட்டில் யாரையும் கொண்டுபோகவில்லை. மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான், மகள் பத்தாம் வகுப்பு, இரண்டு பேரும் எனக்குப் பெரிதாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அப்புறம் எதற்கு அழுகிறாய் என்று கேட்பார்கள். தெரியவில்லை என்பேன். அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாதாகோவிலுக்கு எதிரில் குடியிருக்கும் அம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, நன்றாக யோசித்துப் பார், ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததற்காகவாவது அவரிடம் ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை வந்தவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு மட்டும் என்ன?

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் மீனவக் குடும்பம். வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறார், நான் பாசி எடுக்கிறேன். எட்டுப் பெண்கள் விடியும்போது ஒரு வல்லத்தில் கிளம்பி, கரையிலிருந்து தள்ளி, பாறைகள் கிடக்கும் ஆழம் குறைந்த கடலுக்குப் போவோம். கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவோம். விரல்களில் துணி சுற்றியிருப்போம், அப்படியும் பாறை கிழிக்கும். தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் இந்த வேலை நடக்கும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இந்தப் பன்னிரண்டும் எங்களுக்குக் கடல் நாள். மிச்சம் பதினெட்டும் கரை நாள். கல்யாண வீடு, சண்டை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கரை நாளில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் வல்லத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எட்டுப் பேரும் நான்கு சோடி. ஒருத்தி மூழ்கினால் அவள் சோடி மேலே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சோடி கிடைக்காதவள் இறங்கக் கூடாது. என் சோடி என் மதினி, பெரியப்பா மகனின் மனைவி. பத்து வருடமாக நான் மூழ்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள், அவள் மூழ்கும்போது நான் பார்த்திருக்கிறேன். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத மாதங்கள் இருந்திருக்கின்றன. கடலில் சோடியை மாற்றியதில்லை.

சீக்கு வந்தபோது முதலில் விட்டுப்போனது தலை சீவுவது. பிறகு சோறு பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், கை போகாது. பாய்க்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கும் பத்தடி தூரம் பாம்பன் பாலம் மாதிரி நீளமாக இருந்தது. அழுகை தானாக வரும், தானாக நிற்கும். இரண்டு அமாவாசை கடலுக்குப் போகவில்லை. செபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள், போனேன். கயிறு கட்டினார்கள், கையை நீட்டினேன். கடைசியில் வீட்டுக்காரர்தான் யாரிடமும் சொல்லாமல் என்னை ராமநாதபுரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதைத்தான் எங்கள் வீட்டில் கம்பெனி மாத்திரை என்போம். வழவழப்பான பெட்டி, பளபளக்கும் அட்டை, வாயில் சுலபமாக நுழைகிற செல்லப் பேர். மாத்திரை ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் இரண்டு வாரம் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, பகலெல்லாம் தூக்கம், வேறொன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு காலையில் மீன் விற்க வந்தவளிடம், செவுள் வெளுத்த மீனை யார் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கவனித்தேன், எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஐந்து மாதத்தில் முதல் கோபம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவளைத் திரும்பக் கூப்பிட்டு அந்த மீனை வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து வல்லத்தில் ஏறினேன். அதற்குள் மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது, கடல் நாளிலும் விடாமல் போட்டேன். மதினி என் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பிறகு அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் மனநல டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. பழைய பெட்டியைப் பார்த்துவிட்டு, இதே மருந்துதான், இதே அளவுதான், இங்கேயே தருகிறோம் என்றார். அவர் கொடுத்த அட்டையில் செல்லப் பேர் எதுவும் இல்லை. மருந்தின் சொந்தப் பேர் மட்டும் இருந்தது: அமிட்ரிப்டிலின். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். மாத்திரை வெள்ளையாக, சுண்ணாம்புத் துண்டு போல இருந்தது. அட்டையின் பின்னால் அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது.

வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விக்கிறதுக்கே லாயக்கு இல்லன்னு அவுகளே எழுதிருக்காக" என்றார்.

சிரித்தேன். ஆனால் இலவசமாகக் கொடுக்கும் எதையும் இரண்டு முறை முகர்ந்து பார்க்கிற புத்தி எனக்கும் உண்டு. அமாவாசை நெருங்கியபோது யோசித்தேன். நம்பாத ஆளை எங்கள் வல்லத்தில் ஏற்றுவதில்லை. நம்பாத மாத்திரையை வயிற்றில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் தலைகீழாக இறங்குவதா? பாசிக்குப் போகும் பெண்கள் யாரும் கடல் நாளில் வலி மாத்திரை, இருமல் மருந்து எதையும் தொடமாட்டோம். மூழ்கும்போது தலை சுற்றக் கூடாது என்பது பயம். அதே வழியில் இதையும் நிறுத்தினேன். கரை நாள் பதினெட்டும் போடுவது, கடல் நாள் பன்னிரண்டும் நிறுத்திவைப்பது. எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தெரிந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டபோதே வீட்டு வேலை என்றுதான் சொல்லியிருந்தேன், பாசி எடுப்பதைச் சொன்னால் வேண்டாம் என்பாரோ என்று.

ஒவ்வொரு முறையும் கடல் நாளின் மூன்றாம் நாள் குமட்டல் வந்தது. படுத்தால் தூக்கம் இல்லை, கண் அசந்தால் கண்டபடி கனவு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். இந்தக் கோபம் அந்த மீன்காரியிடம் வந்த நல்ல கோபம் இல்லை, பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிற கோபம். கரை நாள் வந்து மாத்திரையை மறுபடி தொடங்கினால் பகலெல்லாம் மப்பாக இருக்கும், மெல்லச் சரியாகும். அதற்குள் அடுத்த கடல் நாள் வந்துவிடும். வெள்ளை மாத்திரை வெறும் மாவு என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஊர் வேறொன்று முடிவுகட்டியது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இவளுக்கு முற்றுகிறது பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். பைத்தியம் நிலாவோடு ஏறி இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சொல்லை நானே என் காதால் குழாயடியில் கேட்டேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பும் வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தியும் நிமிரவில்லை.

இரண்டாம் மாதத்துப் பௌர்ணமியில், நான்காம் நாள், தண்ணீருக்குள் பாறையைப் பிடித்த கை நடுங்கியது. மேல் எது கீழ் எது என்று ஒரு கணம் தெரியவில்லை. மதினிதான் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தாள். வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், பிறகு அழுதேன், நிறுத்த முடியவில்லை. எட்டுப் பேரின் ஒரு நாள் வேலை என்னால் கெட்டது. கரைக்கு வந்ததும் வல்லத்தின் சொந்தக்காரியான அக்கா, எங்களில் மூத்தவர், யார் எங்கே இறங்குவது என்று சொல்பவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இலவச மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய கம்பெனி மாத்திரையை வாங்கிப் போடு, போட்டுச் சரியானால் வா, இல்லாவிட்டால் கரையில் இரு என்றார். மதினி பாசிப் பையை உதறிக்கொண்டிருந்தாள்.

கரையில் இரு என்பது எனக்கு என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? தண்ணீருக்குள்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். அந்த இடம் போனால் மறுபடி பாய்தான்.

அடுத்த வியாழக்கிழமை சண்டை போடுவதற்காகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிச்சமிருந்த அட்டைகளை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டேன், டாக்டரம்மாவின் மேஜையில் கொட்டுவதற்கு. கிளம்பும்போது வீட்டுக்காரர் காலண்டர் தாள்கள் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் சரியில்லாத நாட்களில் அவர் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். சாமியாரிடம் காட்டலாம் என்று இருந்தாராம். இதையும் டாக்டரிடம் காட்டு, நிலாதான் காரணமா என்று கேள் என்றார். அதே தாளில் நான் வழக்கம்போலக் கடல் நாட்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் முறைக்குக் காத்திருந்தபோது தாள்களை மடியில் விரித்தேன். அவருடைய பெருக்கல் குறிகள் எல்லாம் என்னுடைய வட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. வட்டத்தில் முதல் இரண்டு நாள் சுத்தம், மூன்றாம் நாளிலிருந்து குறி. நான்கு முறையும் அப்படியே. ஒரு நிமிடம் எனக்கே நிலாவின் மேல் சந்தேகம் வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. கம்பெனி மாத்திரை போட்ட காலத்தில் நிலா வராமலா இருந்தது? அப்போது எத்தனை அமாவாசைக்கு நான் கடலில் இருந்தேன், ஒரு நாளும் இப்படி ஆகவில்லையே. பைக்குள் கையை விட்டு அட்டைகளை எடுத்தேன். இருபதுக்கு மேல் வெள்ளை மாத்திரை உடைக்காமல் அப்படியே இருந்தது. அவை ஒவ்வொன்றும் ஒரு வட்டத்துக்கு உரியது.

அந்தப் பெஞ்சில் எனக்கு வந்த வெட்கத்தை மறக்க முடியாது. செல்லப் பேர் வைத்த மாத்திரைக்கு மாதத்தில் முப்பது நாளும் கொடுத்தேன். பேரில்லாததற்குப் பதினெட்டு நாள் கொடுத்துவிட்டு, அதைவிட இது மட்டம் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு கால் உள்ளவனையும் ஒரு காலைக் கட்டிப்போட்டவனையும் ஓடவிட்டுப் பார்த்த மாதிரி. கட்டிப்போட்டது நான்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், பாசி எடுப்பதையும் சேர்த்து. டாக்டரம்மா திட்டவில்லை. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடம்பு இப்படித்தான் முரண்டு பிடிக்கும், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பிடிக்கும் என்றார். இரண்டிலும் மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். நிறமும் மேல் பூச்சும் மாத்திரையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் மாவும்தான் வேறு. அபூர்வமாகச் சிலருக்கு மாற்றும்போது வித்தியாசம் தெரியலாம், அப்படித் தெரிந்தால் வந்து சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டால் விடியும்போது மப்பு குறைந்திருக்கும், எழுந்திருக்கும்போது மெல்ல எழுந்திருங்கள், தலைசுற்றல் முழுவதும் போய்விட்டது என்று நான் பார்த்துச் சொல்லும் வரை மூழ்கக் கூடாது என்றார். சரி என்றேன். வெளியே வந்ததும் மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன். அந்த வெள்ளை அட்டையை வாங்கும்போது முதல் முறையாக இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஒன்றரை மாதம் கரையில் இருந்தேன். வட்டம், வட்டமில்லாத நாள் என்று பார்க்காமல் தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. நடுவில் வீட்டுக்காரர் யார் யாரையோ பிடித்து மதுரையிலிருந்து கம்பெனி மாத்திரை இரண்டு பெட்டி வரவழைத்துவிட்டார். பாவம், எனக்காகத்தான் அலைந்தார். அதைக் கையில் வாங்கி, அவரை உட்கார வைத்துப் பேசினேன். இதைப் போட்டு நான் சரியானால் அந்தப் பெட்டிக்குத்தான் பேர் போகும், நான் செய்த தப்பு மறைந்துபோகும், மறுபடி ஒருநாள் பெட்டி கிடைக்காவிட்டால் மறுபடி விழுவேன் என்றேன். அவருக்கு அரை மனது. ஆனால் காலண்டரில் பெருக்கல் குறி போடுவதை அவர் நிறுத்தவில்லை. போடுவதற்கு நாள்தான் கிடைக்கவில்லை. இரண்டு வட்டம் சுத்தமாகக் கடந்துபோனது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்றார்.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் விடியலில் கண்ணாடியும் பையுமாகக் கரைக்குப் போனேன். மற்ற பெண்கள் வல்லத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் நடந்து வந்து, யார் காதிலும் விழாமல் பேசினார்.

"கம்பெனி மாத்திரைக்கு மாறிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஏறு. எதப் போட்டா என்ன, யாரு வந்து பாக்கப் போறா? இவளுகளுக்கு அது போதும்."

நல்ல மனதோடு சொல்லச் சொன்ன பொய் அது. ஒரு வார்த்தைதான். சொன்னால் என் இடம் எனக்கு. வீட்டுக்காரரும் முந்தின நாள் வெள்ளை அட்டையைப் பழைய பெட்டிக்குள் வைத்துக்கொள்ளேன் என்று இதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார். எனக்கு உள்ளே கொதித்தது. என் சீக்குக்குக் காரணம் கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை. இப்போது நான் குணமானதற்கும் பொய்க் காரணம் கட்ட வேண்டுமா? தப்பு செய்தது நான். ஒரு பாவமும் செய்யாத மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் வல்லத்தில் ஏறினால், நாளைக்கு இந்த ஊரில் பாயைவிட்டு எழ முடியாமல் கிடக்கும் ஒருத்தி, பெட்டி மருந்து வாங்க வழியில்லாதவள், இலவச மாத்திரை மாவு என்று கேட்டு அப்படியே கிடப்பாள்.

வல்லத்துக்குப் பக்கத்தில் போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் அரசாங்க மாத்திரதான் போடுறேன். இனிமேயும் அதத்தான் போடுவேன். முன்னாடி கடல் நாள்ல போடாம விட்டேன், அதான் விழுந்தேன். நெலாவும் இல்ல, மாத்திரையும் இல்ல, என் புத்திதான். இப்பத் தெனமும் போடுறேன். சோடி கெடச்சா எறங்குறேன். இல்லன்னா இங்கனயே நின்னு நாளைக்கும் கேப்பேன்."

 அலை வந்து வல்லத்தை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனது.  மதினி வல்லத்துக்குள்ளிருந்து கையை நீட்டி என் பையை வாங்கி உள்ளே போட்டாள்.

"நேத்துப் போட்டியா?" என்றாள்.

"போட்டேன்."

"தெனமும் கேப்பேன். போடலன்னு சொன்னா நான் எறங்க மாட்டேன், நீயும் எறங்க மாட்ட. ஏறு."

அன்றைக்கு நான் மூழ்கி மேலே வரும்போதெல்லாம் மதினியின் முகம் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. வழக்கத்தைவிட அருகில். பாதிப் பை பாசிதான் எடுத்தேன். அவள் சொன்ன மாதிரியே மறுநாளும் அதற்கு மறுநாளும் எல்லோர் முன்னாலும் கேட்டாள், நானும் வல்லம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன். மற்றவர்கள் அதற்குச் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

நான்காம் நாள் புதன்கிழமை. வேலை முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். அக்கா வல்லத்தின் முன்பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே என்னைக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா என்னைக்கு வாராக?"

"வெயாழக்கெழம. நாளைக்குத்தான்."

 இன்னும் இரண்டு கடல் நாள் பாக்கி இருந்தது. தண்ணீர் நன்றாக வற்றுகிற நாட்கள். அவருடைய இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு கடல் நாளையும் அவர் விட்டதில்லை.

"எனக்கு ரெண்டு வருசமா இப்படித்தான் இருக்கு" என்றார் அக்கா. "நாளைக்கு வல்லம் போகாது. காலைல மொத பஸ்ஸுக்கு நானும் ஒங்கூட வாரேன்."